கொலம்பியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் முதுகலை படித்த இரண்டு வருடமும் என் அடுத்த அறையில் இருந்தவர் பொகோட்டாவிலிருந்து வந்த சிவில் இன்ஜினியர். பொதுச் சமையலறையில் அவர் சோள மாவில் அரெப்பா சுட்டு முடித்ததும் அதே கல்லில் நான் தோசை ஊற்றுவேன். ஊர் திரும்பிய பிறகு, "கொலம்பியாவிலிருந்தெல்லாம் படிக்க வருகிறார்களா?" என்று தொடங்கி ஆளாளுக்கு ஏதாவது கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும், அவரிடம் கேட்டும் தேடிப் படித்தும் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கட்டணமும் விசா விதியும் அடிக்கடி மாறும் என்பதால் எந்த வருடத்துக் கணக்கு என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

அங்கே நல்ல பல்கலைக்கழகங்களே இல்லையா?

நிறைய இருக்கின்றன. அந்தியோக்கியா பல்கலைக்கழகம் தன் பிறந்த வருடம் 1803 என்கிறது. பொகோட்டாவின் தேசியப் பல்கலைக்கழகம் 1867ல் தொடங்கியது. தனியாரில் முதலில் சொல்லப்படுவது 1948ல் வந்த லோஸ் அந்தெஸ். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே வெளிநாட்டுப் படிப்பு ஆரம்பத்திலிருந்து கலந்திருந்தது. அதன் முதல் தலைமுறைப் பொறியியல் மாணவர்கள் சில வருடம் பொகோட்டாவில் படித்துவிட்டு, மீதியை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முடித்தார்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டணம் இல்லை என்று 2023ல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் இடம் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். அதில் தவறியவர்கள் தனியாருக்குப் போனால் ஒரு செமஸ்டர் கட்டணத்தைப் பார்த்தே குடும்பம் மலைத்துப்போகும். முதுகலையில் இந்த இலவசம் கிடையாது. "உள்ளூரில் இவ்வளவு கட்டிப் படிப்பதற்கு வெளியே போய்விடலாமே" என்ற கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எந்த வயதில், எந்தப் படிப்புக்குப் போகிறார்கள்?

கடனும் உதவித்தொகையும் வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் முதுகலைக்குத்தான். பள்ளி முடித்த கையோடு அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போவது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் வழி. அதைப் பள்ளி நாட்காட்டியிலேயே கண்டுபிடித்துவிடலாம். கொலம்பியாவில் பெரும்பாலான பள்ளிகள் 'ஏ காலண்டர்', அதாவது பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். பணக்கார இருமொழிப் பள்ளிகள் பல 'பி காலண்டர்'. செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிகிற அந்த வருடம் ஐரோப்பா, அமெரிக்காவோடு அப்படியே பொருந்தும்.

இன்னொரு சிக்கல், பள்ளிப் படிப்பு 11 வருடம்தான். கடைசி வருடத்தில் 500 மதிப்பெண்ணுக்கு 'சபெர் 11' என்ற அரசுத் தேர்வு எழுதி, பதினாறு பதினேழு வயதில் வெளியே வந்துவிடுவார்கள். ஜெர்மனி போன்ற நாடுகள் இதை முழுப் பள்ளிப் படிப்பாக ஏற்பதில்லை. ஒரு வருட ஆயத்த வகுப்பில் உட்கார வேண்டும், அல்லது கொலம்பியாவிலேயே கொஞ்சம் கல்லூரிப் படிப்பைக் காட்ட வேண்டும். பட்டம் முடித்து முதுகலைக்குப் போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

எந்த நாடுகளுக்கு அதிகம் போகிறார்கள்?

முதலில் ஸ்பெயின். இரண்டு நாட்டிலும் ஸ்பானிய மொழிதான் என்பதால் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் கவலை இல்லை. 2015 டிசம்பரிலிருந்து 90 நாள் வரை ஐரோப்பாவுக்குள் விசா இல்லாமல் போய் வரலாம். ஆனால் படிப்புக்கு மாணவர் விசா வேண்டும். சுற்றுலாவாக இறங்கிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. 2022லிருந்து அங்கே மாணவர்கள் வாரம் 30 மணி நேரம் வேலை செய்யலாம். லத்தீன் அமெரிக்கர்கள் இரண்டு வருடம் சட்டப்படி வசித்தாலே ஸ்பெயின் குடியுரிமை கேட்கலாம் என்பதும் பெரிய ஈர்ப்பு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: மாணவராக இருந்த காலம் அந்த இரண்டு வருடத்தில் சேராது. படிப்பு முடிந்து வேலை அனுமதி கிடைத்த பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். இது தெரியாமல் நாள் எண்ணிக்கொண்டிருந்தவரை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்து அர்ஜென்டினா. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, வெளிநாட்டவருக்கும் அப்படியே இருந்து வந்தது. புவெனஸ் ஐரெஸ் பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வும் கிடையாது. எல்லோரும் சேர்ந்து முதலில் ஒரு பொது அடிப்படைப் படிப்பை முடிக்க வேண்டும், அதில் தேறியவர்கள் மேலே போவார்கள். நடுத்தரக் கொலம்பியக் குடும்பங்களுக்கு இது பெரிய கதவு. தென் அமெரிக்க நாடுகளின் ஒப்பந்தப்படி தங்கும் அனுமதியும் சுலபமாகக் கிடைத்தது. நிரந்தர வசிப்புரிமை இல்லாத வெளிநாட்டு மாணவர்களிடம் பல்கலைக்கழகங்கள் கட்டணம் வசூலிக்கலாம் என்று 2025 மே மாதத்தில் அரசாணை வந்தது முதல் அந்தக் கதவை எல்லோரும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

ஆஸ்திரேலியா தனிக் கதை. அங்கே போகிறவர்களில் பலர் ஆங்கிலப் பள்ளியில் சில மாதம், பிறகு ஒரு தொழிற்படிப்பு, கூடவே துப்புரவு வேலை, உணவு டெலிவரி என்று காலம் ஓட்டுவார்கள். இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. மாணவர் விசாக் கட்டணம் மட்டும் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆனது, அடுத்த வருடமே 2,000. எல்லாம் ஆஸ்திரேலிய டாலர். விசா கிடைக்காவிட்டால் இந்தப் பணம் திரும்பாது.

கனடாவுக்கு 2021லிருந்து கொலம்பியர்களுக்கும் மாணவர் அனுமதி வாங்க விரைவு வழி ஒன்று இருந்தது. 2024 நவம்பரில் அதை மூடிவிட்டார்கள். பிரேசிலின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமில்லை, முதுகலைக்கு அரசு உதவித்தொகையும் உண்டு, போர்ச்சுகீசு மொழியும் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஏன் இன்னும் நிறையப் பேர் போவதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் கடன். இதில் கொலம்பியாவுக்கு ஒரு பெருமை உண்டு. கப்ரியேல் பெத்தான்கூர் என்ற இளைஞர் 1940களில் ஒரு தனியார் நிறுவனத்திடம் கடன் வாங்கி அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். தனக்குக் கிடைத்த மாதிரி எல்லோருக்கும் கிடைக்க ஒரு அரசு நிறுவனம் வேண்டும் என்பதையே ஆய்வேடாக எழுதினார். ஊர் திரும்பி அதை நடத்தியும் காட்டினார். 1950ல் உருவான இசெடெக்ஸ் அதுதான். உலகில் மாணவர் கடனுக்கென்றே வந்த முதல் அரசு அமைப்பு என்று அதைச் சொல்வார்கள். பிற்பாடு அவர் கல்வி அமைச்சரும் ஆனார். கெரில்லாக்களால் கடத்தப்பட்டு ஆறு வருடம் காட்டில் இருந்த அரசியல்வாதி இங்கிரிட் பெத்தான்கூர் இவருடைய மகள்தான்.

இசெடெக்ஸ் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். நிலையான வருமானம் உள்ள மாமாவோ அத்தையோ கிடைப்பது, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதைவிடக் கஷ்டம் என்பார் என் அடுத்த அறைக்காரர். நம் ஊரில் கல்விக் கடனுக்கு வங்கி வங்கியாக அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2025ல் அரசு தந்துவந்த வட்டி மானியத்தில் கைவைத்ததும் பழைய கடன்காரர்களின் மாதத் தவணை ஏறி, பெரிய கூச்சல் எழுந்தது.

முதுகலைக்குப் போகிறவர்கள் அதிகம் பேசும் பெயர் கோல்ஃபுதூரோ. 1991ல் அரசும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளை. இது தருகிற பணத்தின் பெயரே 'கடன்-உதவித்தொகை'. வருடத்துக்கு 25,000 டாலர் வீதம் இரண்டு வருடத்துக்கு 50,000 டாலர் வரை தருவார்கள். கொடுக்கும்போது முழுவதும் கடன். படித்து முடித்து, ஊர் திரும்பி, படிப்பைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வருடம் கொலம்பியாவிலேயே இருந்தால் ஒரு பங்கு தள்ளுபடி ஆகும். நீண்ட காலம் அந்தப் பங்கு பாதி, எம்.பி.ஏ. போன்ற நிர்வாகப் படிப்புக்குக் கால்வாசிதான். எம்.பி.ஏ.க்காரர் எப்படியும் சம்பாதித்துவிடுவார் என்று நினைத்திருப்பார்கள் போல. திரும்பாவிட்டால் முழுக் கடனையும் கட்ட வேண்டும்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது அதன் நேர்மை. "நாட்டுப்பற்றோடு திரும்பி வா" என்று யாரும் சொல்வதில்லை. திரும்பினால் இவ்வளவு, திரும்பாவிட்டால் இவ்வளவு என்று காகிதத்தில் இருக்கிறது.

கடன் டாலரில் என்றால், கொலம்பிய நாணயமான பெசோ விழும்போது என்ன ஆகும்?

இதுதான் நிஜமான பயம். 2014 நடுவில் ஒரு டாலர் ஏறக்குறைய 1,900 பெசோ. அன்று 50,000 டாலர் என்றால் 9.5 கோடி பெசோ. எண்ணெய் விலை சரிந்ததும் பெசோவும் சரிந்தது, 2015லேயே டாலர் 3,000ஐத் தாண்டியது. 2022 நவம்பரில் 5,000ஐயும் தொட்டுத் தாண்டியது. இப்போது கணக்குப் போடுங்கள். ஒருவர் சொன்னபடி ஊர் திரும்பி, பாதிக் கடன் தள்ளுபடியும் வாங்கிவிட்டார். பாக்கி 25,000 டாலர். 5,000 பெசோ விலையில் அது 12.5 கோடி. பாதி தள்ளுபடியான பிறகும், அவர் முதலில் வாங்கிய மொத்தத் தொகையைவிட அதிகம்! 2022ல் கொலம்பியாவில் மாதக் குறைந்தபட்சச் சம்பளம் சரியாகப் பத்து லட்சம் பெசோ. அதன்படி 125 மாதச் சம்பளம்.

நடைமுறையில் ஒரே நாளில் யாரும் மொத்தமாகக் கட்டுவதில்லை, தவணைதான். பெசோவும் பிறகு கொஞ்சம் மீண்டது. ஆனாலும் எங்கள் சமையலறையில் காலையில் காபி போடுமுன் அவர் போனில் முதலில் பார்ப்பது டாலர் விலையைத்தான். நான் வானிலையைப் பார்ப்பேன்.

முழு உதவித்தொகை கிடைப்பதே இல்லையா?

கிடைக்கும், போட்டி அதிகம். அமெரிக்காவின் ஃபுல்பிரைட் 1957லிருந்து கொலம்பியாவில் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு அறிவியல் அமைச்சகமும் தருகிறது. பிரிட்டனின் செவனிங், ஜெர்மனியின் டாட், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ், ஸ்பெயினின் கரோலினா அறக்கட்டளை எல்லாம் தெரிந்த பெயர்கள்தான். இவற்றிலும் 'திரும்பு' என்ற சொல் எங்கோ ஒளிந்திருக்கும். ஃபுல்பிரைட்டில் போனவர் படிப்பு முடிந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தால்தான் அமெரிக்காவில் வேலை விசாவோ குடியேற்ற விசாவோ கேட்க முடியும்.

ஜெர்மனி இலவசம் என்கிறார்களே?

கல்விக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்கு முடக்கப்பட்ட கணக்கில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும் (2024 செப்டம்பர் முதல்). மாதம் 992 வீதம்தான் அதிலிருந்து எடுக்க முடியும். அந்த மொத்தத் தொகை ஏறக்குறைய 5 கோடி பெசோ, 2025ன் குறைந்தபட்சச் சம்பளத்தில் கிட்டத்தட்ட மூன்று வருடக் கூலி. படிப்பு இலவசம், வாசலில் நிற்கத்தான் காசு.

மொழி எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஆங்கிலம் பெரிய தடை. அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் இருமொழிப் பள்ளியில் படித்தவருக்கும் உள்ள இடைவெளி அங்கேதான் வெளிச்சமாகத் தெரியும். கொலம்பியாவில் வீடுகளையே வசதிக்கேற்ப 1 முதல் 6 வரை அடுக்காகப் பிரித்து, மின்சாரம், தண்ணீர்க் கட்டணத்தை அதன்படி வசூலிக்கிறார்கள். "எந்த அடுக்கு?" என்பது அங்கே சாதாரணக் கேள்வி. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணைப் பார்த்தே அடுக்கைச் சொல்லிவிடலாம் என்று கசப்பாகச் சிரிப்பார்கள். இரண்டாம் அடுக்கு வீட்டில் வளர்ந்த என் அடுத்த அறைக்காரர், வேலை முடிந்து இரவு எட்டு மணி வகுப்புக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போய் மூன்று வருடம் ஆங்கிலம் படித்தவர்.

5க்கு 4 என்றால் நல்ல மதிப்பெண்ணா?

மிக நல்ல மதிப்பெண். கொலம்பியப் பல்கலைக்கழகங்களில் 0 முதல் 5 வரை மதிப்பெண், தேர்ச்சிக்கு 3. ஒரு நல்ல பொறியியல் கல்லூரியில் 4.0 சராசரி வைத்திருப்பவரை அண்ணாந்து பார்ப்பார்கள். அதை அப்படியே 80 சதவீதம் என்று மாற்றிப் பார்க்கிற வெளிநாட்டு அலுவலருக்கு அது சுமாராகத் தெரியும். அதனால் அனுபவசாலிகள், வகுப்பில் எத்தனையாவது இடம் என்று பல்கலைக்கழகத்திடமே சான்றிதழ் வாங்கி விண்ணப்பத்தோடு வைத்துவிடுவார்கள்.

காகித வேலை எவ்வளவு?

அதற்கு அவர்கள் 'திராமிதே' என்ற ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அலுவலகம், முத்திரை, வரிசை, படிவம், நாளைக்கு வா எல்லாம் சேர்ந்த ஒரே சொல். பட்டம் என்றால் இரண்டு ஆவணம்: சுவரில் மாட்டுகிற பட்டயம், பட்டமளிப்புப் பதிவின் நகல். இரண்டும் வேண்டும். மதிப்பெண் பட்டியல் தனி. எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்லுவதற்கான முத்திரை. கொலம்பியா 2001லிருந்து அதற்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகம் இப்போது அதை இணையத்திலேயே தருவது பெரிய நிம்மதி. அப்புறம் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர், பக்கத்துக்கு இவ்வளவு என்று.

பெயர் இன்னொரு தலைவலி. ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர், முதலில் அப்பாவுடையது, பிறகு அம்மாவுடையது. என் அடுத்த அறைக்காரரின் வங்கிக் கணக்கில் ஒரு குடும்பப் பெயரை மட்டும் பதிந்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் இரண்டு. "இது நீங்கள்தானா?" என்று தீர்ப்பதற்குள் இரண்டு வாரம் போய்விட்டது. அதுவரை என் கார்டில்தான் அவருக்கும் மளிகை. இனிஷியலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று நான் பட்ட பாட்டைச் சொன்னதும்தான் அவர் கொஞ்சம் சிரித்தார்.

அமெரிக்க விசா இப்போது எப்படி?

2025 கணக்கில் மாணவர் விசாக் கட்டணம் 185 டாலர், பதிவுக் கட்டணம் 350. பணத்தைவிட அரசியல்தான் பிரச்சினை. 2025 ஜனவரி கடைசியில் நாடு கடத்தல் விமானங்களை ஏற்பது பற்றி இரு அதிபர்களும் மோதிக்கொண்டபோது, பொகோட்டாவின் அமெரிக்கத் தூதரகத்தில் விசாச் சந்திப்புகள் சில நாள் நின்றே போயின. அதே வருடம் மே மாத இறுதியில் உலகம் முழுவதும் மாணவர் விசாவுக்குப் புதிய சந்திப்பு கொடுப்பதை மூன்று வாரம் நிறுத்தி வைத்தார்கள். திறந்தபோது, சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் வை என்ற புது நிபந்தனை.

டாக்டர்கள் ஏன் அதிகம் வெளியே போகிறார்கள்?

சிறப்பு மருத்துவம் படிக்க உள்ளூரில் இடம் குறைவு. தவிர, ராப்பகலாக மருத்துவமனையில் வேலை செய்கிற அந்தப் பயிற்சி டாக்டர்களுக்குச் சம்பளம் என்று ஒன்று நீண்ட காலம் சட்டப்படி இல்லாமல் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு அவர்களே கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2018ல் வந்த சட்டம்தான் மாத ஊதியத்தை உறுதி செய்தது. இடமும் சம்பளமும் இல்லாததால்தான் அர்ஜென்டினா, மெக்சிகோ, பிரேசில் என்று போனார்கள். ஸ்பெயினில் சிறப்பு மருத்துவப் பயிற்சிக்கான 'மிர்' தேர்வுக்கும் கூட்டமாகப் படிக்கிறார்கள். அதில் தேறினால் சம்பளத்தோடு பயிற்சி. ஆனால் ஐரோப்பாவில் வசிப்புரிமை இல்லாத வெளிநாட்டவருக்கு ஒதுக்கீடு குறைவுதான்.

இந்தியாவுக்கு வருகிறார்களா?

கொஞ்சம் பேர். இந்திய அரசின் ஐடெக் திட்டத்தில் சில வாரப் பயிற்சிகளுக்கு வருவார்கள், செலவு முழுக்க இந்தியாவுடையது. சென்னை தரமணியில் உள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனமும் இந்தத் திட்டத்தில் வகுப்புகள் நடத்துகிறது.

போனவர்கள் திரும்புகிறார்களா?

இருவகையும் உண்டு. எம்.ஐ.டி.யில் படித்த விர்ஹிலியோ பார்கோ, கான்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ஹுவான் மனுவேல் சாந்தோஸ் இருவரும் திரும்பி நாட்டின் அதிபரானார்கள். நரம்பியல் அறிஞர் ரொதோல்ஃபோ யினாஸ் பொகோட்டாவில் மருத்துவம் முடித்து, ஆஸ்திரேலியாவில் 1965ல் முனைவர் பட்டம் வாங்கி, நியூயார்க்கில் நிலைத்துவிட்டார். காலி என்ற நகரத்திலிருந்து 17 வயதில் 300 டாலரோடு அமெரிக்கா போன தியானா துருஹியோ வீடு துடைக்கிற வேலை செய்துகொண்டே படித்து நாசாவுக்குப் போய்ச் சேர்ந்தார். 2021ல் செவ்வாயில் பெர்செவரன்ஸ் ஆய்வு ஊர்தி இறங்கியதை ஸ்பானிய மொழியில் நேரலையாக நடத்தியவர் அவர்தான்.

திரும்பாதவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று 1991லேயே அரசு 'கால்தாஸ் வலை' என்று ஒன்றைத் தொடங்கி, வெளிநாட்டில் இருந்த கொலம்பிய ஆராய்ச்சியாளர்களை இணைத்துப் பார்த்தது. நல்ல யோசனை. ஆனால் திரும்பியவருக்கு ஆய்வகமும் வேலையும் இல்லாதபோது எந்த வலை போட்டு என்ன பயன்? முனைவர் பட்டத்தோடு வந்து மணிக்கணக்குச் சம்பளத்தில் மூன்று கல்லூரிகளுக்கு ஓடுகிறவர்களை அங்கே 'டாக்ஸி பேராசிரியர்' என்கிறார்கள்.

வெளிநாட்டுப் பட்டம் ஊரில் செல்லுமா?

தானாகச் செல்லாது. கல்வி அமைச்சகத்தில் விண்ணப்பித்து உள்ளூர்ப் பட்டத்துக்கு இணையாக அங்கீகாரம் வாங்க வேண்டும். தனியார் நிறுவனங்கள் பல இதைக் கேட்பதில்லை. அரசு வேலைக்கும் மருத்துவம் போன்ற தொழிலுக்கும் கட்டாயம். சேருவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயம் இதில் ஒன்று உண்டு. ஸ்பெயின் பல்கலைக்கழகங்கள் இரண்டு வகைப் பட்டம் தருகின்றன: அரசு அங்கீகரித்த 'அதிகாரப்பூர்வப் பட்டம்', பல்கலைக்கழகம் தானே வழங்கும் 'சொந்தப் பட்டம்'. சொந்தப் பட்டம் மலிவு, சேருவது சுலபம், விளம்பரமும் பளபளப்பாக இருக்கும். கொலம்பியாவில் அங்கீகாரம் கேட்கும்போதுதான் வித்தியாசம் உறைக்கும்.

என் அடுத்த அறைக்காரர் இப்போது பொகோட்டாவில் ஒரு கட்டுமான ஆலோசனை நிறுவனத்தில் இருக்கிறார். அரசுப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தவும் ஆசை, அதனால் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தார். அப்போஸ்டில், மொழிபெயர்ப்பு எல்லாம் மறுபடியும், இந்த முறை ஜெர்மனிலிருந்து ஸ்பானியத்துக்கு. சில மாதம் கழித்து உத்தரவு கைக்கு வந்ததும் படம் எடுத்து அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு குடும்பப் பெயரும் இருந்தன.